குடத்துக்குள் போகாத பெயர்

பெங்களூர் எலெக்ட்ரானிக் சிட்டிக்கு 2013லிருந்து தனி நிர்வாகம். தொழில் நகரிய ஆணையம் என்று பெயர். சொத்து வரி வாங்குகிறது, சாலை, குப்பையைக் கவனிக்கிறது. ஆனால் தேர்தல் கிடையாது, உறுப்பினர்கள் நியமனம். அரசியல் சட்டத்தின் 243கியூ பிரிவே இதற்கு வழிவிடுகிறது. சாலை நன்றாக இருந்தால் போதுமா? கணக்கு கேட்பது யார்?

பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர் கல்வெட்டுகள் (919, 921) இதில் படு கறார். குடவோலையில் பெயர் எழுத வயது 35க்கு மேல், 70க்குள் இருக்க வேண்டும். (கால் வேலி நிலமும் வேதப் படிப்பும் கேட்ட பிராமணர் சபை அது, புகழ்பவர்கள் இதைச் சொல்வதில்லை.) வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயர் குடத்துக்குள்ளேயே போகாது. அவருடைய நெருங்கிய உறவினர்களுக்கும் அதே கதிதான். மச்சானை நிறுத்தித் தப்பிக்கும் வித்தை அன்றே தெரிந்திருக்கிறது.