ஒரு முழம் பைப்புக்கு முழு வண்டியையா விக்கணும்?

செவ்வாய்ப்பேட்டை மண்டிக்கு வெல்லச் சிப்பம் இறக்கப் போறவங்களுக்குத் தெரியும், அந்தச் சந்துல வண்டிய ஒடிச்சுத் திருப்புறது எவ்வளவு பாடுன்னு. போன மாசம் அங்கதான் எங்க 2009 மாடல் பிக்கப் வேனோட ஸ்டியரிங் கல்லு மாதிரி இறுகிடுச்சு. பையன் ஓட்டிட்டிருந்தான். ஒரு தள்ளுவண்டிக்கு ஒரு முழம் முன்னாடி எப்படியோ நிறுத்திட்டான். குனிஞ்சு பார்த்தா அடியில ஆயில் கொட்டிக் கெடக்கு.

தப்பு என் மேலயும் இருக்குங்க. மூணு மாசம் முன்னாடி அந்த பவர் ஸ்டியரிங் இரும்பு பைப்பு, கிளாம்ப் புடிக்கிற எடத்துல துரு தின்னு கசிஞ்சது. ஒரு பட்டறையில துருப்புடிச்ச துண்ட அறுத்துட்டு, ரப்பர் டியூப் சொருகி ரெண்டு கிளிப் போட்டு, "போதும்ணா, ஓடும்"னாங்க. 350 ரூபாயோட முடிஞ்சுதேன்னு சந்தோஷப்பட்டது நான்தான்.

அடுத்து போன எடத்துல வேற கதை. "பம்ப், ஸ்டியரிங் பாக்ஸ், பைப்பு எல்லாம் செட்டா மாத்தணும், 38,000 ஆகும். பழைய வண்டிக்கு எதுக்கு செலவு? எக்ஸ்சேஞ்ச்ல குடுத்துடுங்க."

ரெண்டு பேரும் ஒரே அநியாயத்தத்தான் பண்றாங்க. ஒருத்தர் உசுர மலிவாக்குறார், இன்னொருத்தர் இரும்ப விலை ஏத்துறார். ஒழுங்கா ரிப்பேர் பண்றது மட்டும் ரெண்டு பேருக்கும் வேண்டாம்!

விஷயம் என்னன்னா, பவர் ஸ்டியரிங்ல ரெண்டு லைன். டேங்குக்குத் திரும்பி வர்ற லைன்ல அழுத்தம் கம்மி. ஆயில் தாங்குற ஹோஸும் நல்ல கிளிப்பும் போதும். பம்புல இருந்து போற லைன் அப்படி இல்ல. நம்ம டயர்ல காத்து ரெண்டு மூணு பார்தான். ஸ்டியரிங்க முழுசா ஒடிக்கிறப்ப இந்த லைன்ல 80, 100 பார் கூட ஏறும். அதுல கிளிப் நிக்குமா? அங்க கம்பி வலை போட்ட ஹைட்ராலிக் ஹோஸ், மெஷின்ல அமுக்கின முனையோடதான் வேணும். கசியுற எடத்த வெறும் விரலால தடவிப் பாக்காதீங்க. ஊசி மாதிரி பாயுற ஆயில் தோலக் கிழிச்சு உள்ள போயிடும்.

அந்த ஹோஸ் என்ன சீமையில இருந்தா வரணும்? திருச்செங்கோடு போர்வெல் ரிக்கு நாடெல்லாம் ஓடுது. நாமக்கல்லு லாரிக்கும் பாடி கட்டுறதுக்கும் பேர் போனது. ஜேசிபிக்கு ஹோஸ் அடிக்கிற கடையில பழைய பைப்பக் காட்டினேன். அதே நீளம், அதே மரை, அரை மணி நேரம், 1,900 ரூபா. மாட்டி, முன் சக்கரத்தத் தூக்கி வச்சு, இஞ்சின ஆஃப் பண்ணி, ரெண்டு பக்கமும் மெதுவா ஒடிச்சு காத்து எடுத்து, ஆயில் நிரப்பினோம். பம்பும் பாக்ஸும் நல்லாத்தான் இருக்கு.

2022 ஏப்ரல்ல 15 வருசம் தாண்டின காருக்குப் பதிவு புதுப்பிக்கிற கட்டணத்த 600ல இருந்து 5,000 ஆக்கினாங்க. அதே வருசம் டிசம்பர்ல, ரிப்பேர் பண்றது நுகர்வோர் உரிமைன்னு மத்திய அரசு தனி இணையதளமும் தொறந்தது. வண்டியும் விவசாயக் கருவியும் அதுல சேர்த்தி. பழைய வண்டி ஆபத்துன்னு பயப்படுறது நியாயம்தான். ஆனா கிளிப் போட்ட வண்டிதான் ஆபத்து, வயசான வண்டி இல்ல.

நம்ம பங்கும் இருக்குங்க. பொட்டாஷ் உரம்னா பொட்டாசியம் குளோரைடு, அதுவும் ஒரு உப்புதான். மூட்டை ஏத்தின அன்னிக்கே வண்டிய அடிப்பக்கம் வரைக்கும் நல்ல தண்ணியில கழுவுங்க. கிளாம்ப் ரப்பருக்கு அடியில வருசம் ஒரு தடவ பாருங்க.

யாராவது "முழு செட்டு மாத்தணும்"னா, "கழட்டின பைப்பக் குடுங்க, ஹோஸ் கடைக்குப் போயிட்டு வர்றேன்"னு சொல்லுங்க. "கிளிப் போதும்"னா, "எந்த லைன்ல?"ன்னு கேளுங்க. அந்தச் சந்துல தள்ளுவண்டிக்குப் பின்னாடி நின்னது நம்ம வீட்டு ஆளா கூட இருந்திருக்கலாம்.