மூன்று துப்பாக்கி, ஒரு போட்டி: நமக்கு எட்டுமா?

தஞ்சோங் ரம்புத்தானில் துப்பாக்கி என்றால், உலு கிந்தா பொது நடவடிக்கைப் படை முகாம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். அது விளையாட்டும்கூட என்றால் மாணவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கிறார்கள்.

கைத்துப்பாக்கி, ரைஃபிள், ஷாட்கன் மூன்றையும் மாற்றி மாற்றி எடுத்து, ஓடியபடியே இலக்குகளைச் சுடுவது 'மல்டி கன்' போட்டி. அமெரிக்காவில் பெயர்பெற்றது. வேகம், குறி இரண்டும் சேர்ந்தே வெற்றியைத் தீர்மானிக்கும். குழல்முனை பாதுகாப்புக் கோணத்தைத் தாண்டினால், ஆள் போட்டியிலிருந்தே நீக்கம்.

காணொளியில் பார்த்துவிட்டு இணையத்தில் துப்பாக்கி தேடாதீர்கள். 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி காற்றுத் துப்பாக்கிக்கும் உரிமம் வேண்டும். போலித் துப்பாக்கி வைத்திருப்பதும் குற்றம். அசல் துப்பாக்கியைச் சட்டவிரோதமாக வைத்திருந்தால், 1971ஆம் ஆண்டுச் சட்டப்படி 14 ஆண்டுவரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. இந்தக் கடுமை தேவை என்றே நினைக்கிறேன்.

வழி வேறு இருக்கிறது: 10 மீட்டர் காற்று ரைஃபிள். பேராக்கில் பிறந்த நூர் சூர்யானி தாய்பி, 2012 லண்டன் ஒலிம்பிக்கில் எட்டு மாதக் கர்ப்பிணியாக இதில்தான் களமிறங்கினார். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் 2019 ரியோ உலகக் கிண்ணத்தில் தங்கம் வென்றதும் இதில்தான். இரண்டும் செலவு பிடிக்கும் விளையாட்டுதான். தோட்டத்து வழிவந்த குடும்பங்களுக்கு அதுவே பெரிய தடை. ஆகவே வாங்குவதை விடுங்கள். உரிமம் பெற்ற சங்கம் எங்கே என்று விசாரித்து, பெற்றோரோடு போய்ப் பாருங்கள்.