சுற்றுலாவில் சேர்ந்த பெயர், பங்கில் சேராத மக்கள்

அமெரிக்காவின் டென்னசி மாநிலத் தலைநகரான நாஷ்வில்லிலிருந்து காலை வேளைகளில் சுற்றுலா வேன்கள் தெற்கு நோக்கிப் புறப்படுகின்றன. சுமார் 115 கிலோ மீட்டர் தொலைவில் உள்ள லிஞ்ச்பர்க் என்ற சிற்றூருக்கு அவை செல்கின்றன. உலகெங்கும் விற்பனையாகும் ஜாக் டேனியல்ஸ் விஸ்கி அங்குதான் தயாராகிறது. வழிகாட்டி ஒருவர் பயணிகளை ஆலைக்குள் அழைத்துச் செல்வார். குகையிலிருந்து வரும் ஊற்று நீர், மேபிள் மரத்தை எரித்துக் கரியாக்கும் இடம், வடித்த சாராயம் சொட்டுச் சொட்டாகக் கரியினூடே இறங்கும் தொட்டிகள், ஓக் மரப் பீப்பாய்கள் அடுக்கிய கிடங்கு என ஒவ்வொன்றாகக் காட்டுவார். இறுதியில் சிறு கோப்பைகளில் ருசி பார்க்கத் தருவார்கள். அமெரிக்காவில் இத்தகைய விஸ்கி ஆலை, பீர் ஆலைச் சுற்றுலாக்கள் இன்று ஒரு பெரும் தொழில்.

மது ஆலைச் சுற்றுலாவுக்கு இந்தப் பத்தியில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். மதுவுக்கு எதிராகப் போராடி வரும் மக்கள் நாம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்திலும் சுற்றுப்பகுதிகளிலும் மெத்தனால் கலந்த சாராயம் 60க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தது. அதில் தாலி அறுத்த பெண்களின் அழுகுரலை நாம் மறக்கவில்லை. எனவே இது மதுவைப் புகழும் கட்டுரை அல்ல. அந்த ஆலையில் வழிகாட்டி சொல்லும் கதையில் சுமார் 150 ஆண்டுகள் ஒரு பெயர் இல்லாமல் இருந்தது. அது எப்படி விடுபட்டது, எப்படித் திரும்பி வந்தது, வந்த பிறகு என்ன மாறியது என்பதைத் தெரிந்துகொள்வது நமக்குத் தேவை.

கற்றுக்கொடுத்தவர் யார்?

ஜாக் டேனியல் சிறுவனாக இருந்தபோது டான் கால் என்ற பாதிரியாரின் பண்ணையில் வேலைக்குச் சேர்ந்தார். பாதிரியார் கடை நடத்தியதோடு சாராயமும் வடித்தார். சிறுவனுக்குத் தொழிலைக் கற்றுக்கொடுத்தவர் அந்தப் பாதிரியாரே என்று நெடுங்காலம் சொல்லப்பட்டு வந்தது. உண்மையில் அந்தப் பண்ணையில் வடிப்பு வேலையைச் செய்தவர் நேதன் கிரீன் என்ற கருப்பின மனிதர். நியரெஸ்ட் என்பது அவருக்கு வழங்கிய பெயர். அவர் அடிமை. லேண்டிஸ் அண்டு கிரீன் என்ற நிறுவனம் அவரைச் சொத்தாக வைத்திருந்து, பாதிரியாருக்கு வாடகைக்கு விட்டிருந்தது. ஏர் மாட்டை வாடகைக்கு விடுவதுபோல் ஒரு மனிதனின் கைத்திறனை வாடகைக்கு விட்டு, அந்தக் கூலியை வேறொருவர் வாங்கிக்கொண்டார்.

1865இல் அமெரிக்காவில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது. அதன் பிறகு ஜாக் டேனியல் தன் சொந்த ஆலைக்குத் தலைமை வடிப்பாளராக நியரெஸ்ட் கிரீனையே அமர்த்தினார். கிரீனின் மகன்களும் பேரன்களும் அந்த ஆலையில் வேலை பார்த்தார்கள். ஜாக் டேனியல் அடிமைகளை வைத்திருந்ததாகப் பதிவு இல்லை என்பதையும் நாம் நேர்மையாகச் சொல்ல வேண்டும். 1904ஆம் ஆண்டு வாக்கில் எடுத்த ஒரு புகைப்படத்தில் ஜாக் டேனியலுக்குப் பக்கத்திலேயே ஒரு கருப்பினத்தவர் உட்கார்ந்திருக்கிறார். அவர் நியரெஸ்டின் மகன் ஜார்ஜ் கிரீன் என்று கருதப்படுகிறது. முதலாளியின் அருகில் நாற்காலி கிடைத்தது. வரலாற்றில் வரி கிடைக்கவில்லை.

1967இல் வெளிவந்த ஜாக் டேனியலின் வாழ்க்கை வரலாற்று நூலில் நியரெஸ்டின் பெயர் இருந்தது. கிரீன் குடும்பத்தாரின் வாய்மொழியிலும் அது உயிரோடு இருந்தது. ஆனாலும் ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்தவர்களுக்கு அது சொல்லப்படவில்லை. ஜாக் டேனியல் கோபத்தில் இரும்புப் பெட்டியை உதைத்துக் கால் விரலைப் புண்ணாக்கிக்கொண்ட கதைக்கு இருந்த இடம், அவருக்குத் தொழில் சொல்லித் தந்தவரின் கதைக்கு இல்லை.

பெயர் திரும்பிய பிறகு

நிறுவனம் தன் 150ஆவது ஆண்டைக் கொண்டாடிய 2016இல் நியூயார்க் டைம்ஸ் நாளேடு இந்த வரலாற்றைப் பெரிய அளவில் வெளியிட்டது. நிறுவனம் நியரெஸ்டின் பங்கை வெளிப்படையாகப் பேசத் தொடங்கியது. ஃபான் வீவர் என்ற கருப்பினப் பெண் எழுத்தாளர் அந்த ஊருக்கே சென்று, குடும்பத்தாரைச் சந்தித்து, ஆவணங்களைத் திரட்டினார். பழைய பாதிரியாரின் பண்ணையை விலைக்கு வாங்கினார். 2017இல் 'அங்கிள் நியரெஸ்ட்' என்ற பெயரில் விஸ்கி நிறுவனமும் தொடங்கினார். ஜாக் டேனியல்ஸ் நிறுவனமும் அதே ஆண்டில் நியரெஸ்டைத் தன் முதல் தலைமை வடிப்பாளராக முறைப்படி ஏற்றது. 2019இல் ஷெல்பிவில் நகரில் நியரெஸ்ட் கிரீன் பெயரிலேயே ஓர் ஆலை சுற்றுலாவுக்குத் திறக்கப்பட்டது. நியரெஸ்டின் எள்ளுப்பேத்தியின் தலைமுறையைச் சேர்ந்த விக்டோரியா ஈடி பட்லர் அங்கே கலவை வல்லுநர் பொறுப்புக்கு வந்தார். வழித்தோன்றல்களின் கல்லூரிப் படிப்புக்கு அறக்கட்டளை ஒன்று உதவி வருகிறது.

இதோடு முடிந்திருந்தால் நல்ல செய்தி. ஆனால் அண்மை நிலவரம் வேறு. ஜாக் டேனியல்ஸின் உரிமையாளரான பிரவுன் ஃபோர்மன் நிறுவனம், பணியாளர்களிலும் தனக்குப் பொருள் வழங்குவோரிலும் பல்வேறு சமூகத்தினருக்கு வைத்திருந்த எண்ணிக்கை இலக்குகளை 2024 ஆகஸ்டில் கைவிட்டது. மறுபுறம், கடன் தந்த நிறுவனம் ஒன்று 10 கோடி டாலருக்கும் அதிகமான கடன் தொடர்பாக அங்கிள் நியரெஸ்ட் மீது 2025இல் வழக்குத் தொடுத்தது. ஆகஸ்டில் நீதிமன்றம் அந்த நிறுவனத்தை ரிசீவர் ஒருவரின் பொறுப்பில் விட்டது. வழக்கில் யார் பக்கம் நியாயம் என்பதை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும். நாம் கவனிக்க வேண்டியது இதுதான். வழிகாட்டியின் கதையில் ஒரு பெயரைச் சேர்க்க நிறுவனத்துக்குச் செலவில்லை. கேட்கிறவர்களின் மனம் நெகிழ்வதால் ஒருவேளை லாபமும் உண்டு. வேலையிலும் கொள்முதலிலும் பங்கு தருவதற்குச் செலவு உண்டு. காற்று மாறியதும் முதலில் கைவிடப்படுவது அந்தப் பங்குதான். பெயர் மட்டும் சுவரில் இருக்கும்.

அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவர் ஜார்ஜ் வாஷிங்டனும் தன் மவுண்ட் வெர்னன் பண்ணையில் விஸ்கி வடித்து விற்றவர். ஸ்காட்லாந்துக்காரர் ஒருவர் மேற்பார்வை பார்த்தார். உலை முன் நின்று வேலை செய்தவர்கள் ஆறு அடிமைகள்: ஹான்சன், பீட்டர், நாட், டேனியல், ஜேம்ஸ், திமோதி. 1799இல் மட்டும் அங்கே சுமார் 11,000 கேலன் விஸ்கி உற்பத்தியானது. அந்த ஆலையை மீண்டும் கட்டி 2007இல் பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள். ஆறு பேரின் பெயர் நமக்குத் தெரிவதற்குக் காரணம், சொத்துக் கணக்கில் அவர்களை எழுதி வைத்திருந்ததுதான். அடிமைகளின் பெயரையாவது கணக்குப் புத்தகம் வைத்திருந்தது. நம் பாட்டன்மாரின் பெயரை எந்தப் புத்தகம் வைத்திருக்கிறது?

மூணாறுக்குப் போகிறவர்களுக்கு

இந்தக் கேள்வியைக் கேட்க அமெரிக்கா வரை போக வேண்டியதில்லை. விடுமுறை நாட்களில் நம் மாவட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக மூணாறு போகிறோம். அங்கே தேயிலை அருங்காட்சியகம் இருக்கிறது. கொழுந்து எப்படித் தூளாகிறது என்று காட்டுகிறார்கள், கடைசியில் சூடாகத் தேநீரும் தருகிறார்கள். லிஞ்ச்பர்க் சுற்றுலாவின் அதே அமைப்பு. காட்டை அழித்து அந்தப் பச்சைக் கம்பளத்தை விரித்தவர்கள் யார்? கங்காணிகள் திருநெல்வேலி, மதுரைப் பக்கங்களிலிருந்து மலையேற்றிக் கொண்டுபோன ஏழைத் தமிழர்கள். அவர்களில் பெரும்பகுதியினர் நம் மக்கள்.

2015 செப்டம்பரில் அந்தத் தோட்டப் பெண்கள் 'பெண்பிள்ளை ஒருமை' என்ற பெயரில் திரண்டு, குறைக்கப்பட்ட போனஸை 20 விழுக்காடாகத் திரும்பப் பெற்றார்கள். ஆண்கள் தலைமை வகித்த தொழிற்சங்கங்களை ஒதுக்கி வைத்துவிட்டு அவர்களே நடத்திய போராட்டம் அது. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து தொழிலாளர் லயங்களை மூடியது. 70 பேர் மாண்டார்கள். அவர்களில் பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரம். மூணாறு போகிறவர்கள் தேநீரைக் குடித்துவிட்டு வழிகாட்டியிடம் இந்த இரண்டு நிகழ்வுகளையும் கேட்டுப் பாருங்கள். என்ன பதில் வருகிறது என்பதிலிருந்து அந்தக் கதை யாருக்காகச் சொல்லப்படுகிறது என்பது தெரிந்துவிடும்.

கருப்பினத்தவரின் நிலையும் நம் நிலையும் ஒன்றல்ல. அமெரிக்காவில் தொழிலுக்கு மதிப்பு இருந்தது, அதைச் செய்தவருக்கு இல்லை. அதனால் அவர் பெயரை மறைத்தார்கள். இங்கே தொழிலையே தீட்டு என்றார்கள். தோல் பதனிட்டவர், பறை அடித்தவர், பிணம் சுட்டவர் என்று பெயர் மறையவில்லை, இழிவாக ஒட்டிக்கொண்டது. அதே தோலில் காலணி ஏற்றுமதியாகி, அதே பறை மேடையேறி, பணமும் புகழும் வரும்போதுதான் இழிவு கழன்று போகிறது. கூடவே நம் பெயரும் கழன்று போகிறது. 1946இல் அண்ணல் அம்பேத்கர் கருப்பின அறிஞர் டூ பாய்ஸுக்குக் கடிதம் எழுதியதும், இரு மக்களின் நிலையிலும் உள்ள ஒப்புமையை உணர்ந்துதான். ஒப்புமையோடு வேறுபாட்டையும் தெரிந்துகொண்டால்தான் நமக்கு எது வேண்டும் என்று தெளிவாகக் கேட்க முடியும்.

மூன்று கேள்விகள்

தொழிலையோ கலையையோ காட்சிப்படுத்தும் எந்தச் சுற்றுலாவையும், அரசு நடத்தினாலும் தனியார் நடத்தினாலும், நாம் மூன்று கேள்விகளால் அளக்கலாம். செய்தவர்களின் பெயர் சொல்லப்படுகிறதா? வருகிற வருமானத்தில் அவர்களின் பிள்ளைகளுக்குப் பங்கு இருக்கிறதா? இன்றும் அந்த வேலையைச் செய்கிறவர்கள் பாதுகாப்பான வீட்டில் தூங்குகிறார்களா? முதல் கேள்விக்கு மட்டும் ஆம் என்று சொல்லிவிட்டு மற்ற இரண்டையும் நழுவவிடுவது நவீன உத்தி. லிஞ்ச்பர்க் நமக்குக் கற்றுத்தரும் பாடம் இதுவே.

இன்னொரு பாடமும் உண்டு. நியரெஸ்டின் பெயர் திரும்பி வந்ததற்கு நிறுவனத்தின் நல்லெண்ணம் மட்டும் காரணமல்ல. அவருடைய பேரன் பேத்திகள் அதை மறக்காமல் பேசிக்கொண்டே இருந்தார்கள். நம் ஊர்களில் தோட்டத்துக்கும், கோலார் தங்கவயலுக்கும், தோல் ஷாப்புக்கும் போய் வந்த முதியவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களின் பெயர், வேலை செய்த இடம், வாங்கிய கூலி ஆகியவற்றைக் கல்லூரியில் படிக்கும் நம் பிள்ளைகள் இந்த விடுமுறையிலேயே எழுதி வைக்கட்டும். கையிலிருக்கும் செல்போனில் குரலைப் பதிவு செய்யட்டும். பங்கு கேட்டு நிற்கும் நாளில் சான்றாக நம் கையில் இருக்கப்போவது அந்தப் பதிவுதான்.