கிளவுட் சேவை வாங்கித் தரும் புரோக்கர்... யார் பக்கம் நிற்கிறார்? முழு விவரம்

வாடகை வீடு தேடி புரோக்கரிடம் போனால், 'இவர் காட்டுறது நமக்கு ஏத்த வீடா, இல்ல அவருக்கு அதிக கமிஷன் வர்ற வீடா?' என்ற சந்தேகம் வரும். கிளவுட் சேவையிலும் அதே கேள்விதான். ஒரே வித்தியாசம், இங்கே குடியேறிய பிறகும் புரோக்கர் கையில் ஒரு சாவி இருக்கலாம்.

கிளவுட் புரோக்கர் யார்?

நிறுவனங்கள் தங்கள் கணக்கு வழக்கு, மின்னஞ்சல், வாடிக்கையாளர் விவரங்களை அமேசான், மைக்ரோசாஃப்ட், கூகுள் போன்றவற்றின் சர்வர்களில் வாடகைக்கு வைக்கின்றன. எதை எடுப்பது, என்ன விலை என்று குழம்புபவர்களுக்கு உதவுபவர்தான் புரோக்கர்.

அமெரிக்காவின் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2011-ல் இவர்களின் வேலையை 3 வகையாகப் பிரித்தது. ஒரு சேவையின் மேல் கூடுதல் வசதி சேர்த்துத் தருவது, பல சேவைகளை ஒன்றாக இணைத்துத் தருவது, எது பொருத்தமோ அதை அவ்வப்போது தேர்ந்தெடுத்துத் தருவது.

சரி, இதுல என்ன சிக்கல்?

முதல் சிக்கல் பணம். புரோக்கருக்கு வாடிக்கையாளரிடம் இருந்து மட்டும் வருமானம் வருவதில்லை. தங்கள் சேவையை விற்றுத் தரும் பார்ட்னர்களுக்கு கிளவுட் நிறுவனங்களும் ஊக்கத்தொகை தருகின்றன. வாடிக்கையாளர் அதிகம் செலவழித்தால் புரோக்கருக்கும் லாபம் என்ற நிலை இருந்தால், 'உங்களுக்கு இவ்வளவு தேவையில்லை' என்று அவர் ஏன் சொல்லப் போகிறார்?

இரண்டாவது, சாவி. கணக்கை நிர்வகிக்க புரோக்கருக்கு அட்மின் அனுமதி தரப்படுவது வழக்கம். இதைத்தான் ஹேக்கர்கள் குறிவைத்தார்கள். ரஷ்யாவைச் சேர்ந்த 'நோபிலியம்' என்ற ஹேக்கர் குழு, 2021 மே மாதத்தில் இருந்து 140-க்கும் அதிகமான மறுவிற்பனையாளர்கள் மற்றும் தொழில்நுட்பச் சேவை நிறுவனங்களைக் குறிவைத்ததாக மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு அக்டோபரில் அறிவித்தது. அவற்றில் 14 நிறுவனங்கள் வரை ஊடுருவப்பட்டிருக்கலாம் என்றும் கூறியது. இடையில் இருப்பவரைப் பிடித்தால், அவரிடம் உள்ள வாடிக்கையாளர்கள் எல்லோரையும் எட்டிவிடலாம் என்பதுதான் கணக்கு.

பிடிக்கலைன்னா மாறிடலாமே?

சொல்வது எளிது. பிரிட்டனின் போட்டி ஒழுங்குமுறை ஆணையம் 2025 ஜூலையில் வெளியிட்ட இறுதி முடிவின்படி, ஆண்டுக்கு 1 சதவீதத்துக்கும் குறைவான வாடிக்கையாளர்களே கிளவுட் நிறுவனத்தை மாற்றுகிறார்கள். தரவை வெளியே எடுக்கும் கட்டணமும், தொழில்நுட்பச் சிக்கல்களும் இதற்கான காரணங்களில் முக்கியமானவை. ஆக, புரோக்கர் முதல் நாள் சொல்லும் யோசனை பல ஆண்டுகளுக்குக் கட்டிப்போட்டுவிடும்.

இதற்குத்தான் ஐரோப்பிய யூனியன் தரவுச் சட்டம் கொண்டுவந்தது. 2025 செப்டம்பர் 12 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. 2027 ஜனவரி 12 முதல், வேறு நிறுவனத்துக்கு மாறுவதற்காக வாடிக்கையாளரிடம் கட்டணம் வாங்கக் கூடாது.

தவறு நடந்தால் யார் பொறுப்பு?

இந்தியாவின் 2023 டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டப்படி, தரவைக் கையாளும் வேலையை வேறொருவரிடம் கொடுத்திருந்தாலும், பொதுமக்களின் தரவைப் பெற்ற நிறுவனமே பொறுப்பு. 'புரோக்கர்தான் பார்த்துக்கிட்டாரு' என்று கைகழுவ முடியாது.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டியவை

* கிளவுட் கணக்கு யார் பெயரில்? புரோக்கர் பெயரில் இருந்தால், உறவு முறியும்போது உங்கள் தரவு மாட்டிக்கொள்ளும்.
* எந்த நிறுவனத்திடம் இருந்து ஊக்கத்தொகை வருகிறது? எழுத்தில் கேளுங்கள்.
* கிளவுட் நிறுவனத்தின் அசல் பில்லை நீங்களே பார்க்க முடியுமா?
* அட்மின் அனுமதி எதற்கு, எத்தனை நாளைக்கு? வேலை முடிந்ததும் ரத்து செய்ய வேண்டும்.
* வேறு இடத்தில் பேக்கப் இருக்கிறதா? 2024 மே மாதம் ஆஸ்திரேலியாவின் யூனிசூப்பர் ஓய்வூதிய நிதியத்தின் கிளவுட் கணக்கு, கூகுள் தரப்பில் நடந்த தவறால் அழிந்துபோனது. மீண்டு வர உதவியது, வேறு நிறுவனத்திடம் வைத்திருந்த பேக்கப்.

நல்ல புரோக்கர் இந்தக் கேள்விகளுக்குத் தயங்காமல் பதில் சொல்வார். மழுப்பினால், அதுவே உங்களுக்கான பதில்.