நாபோத்தின் நிலம்

வருசப் பிறப்பு ராத்திரி ஆராதனை முடிந்ததும் வாக்குத்தத்த அட்டைகளைத் தட்டில் வைத்து நீட்டுகிறார்கள். ஆளுக்கொரு அட்டை, ஆளுக்கொரு வசனம். கடன் தீரும், வியாதி போகும், வீடு கட்டலாம். சேரியிலிருந்து வந்த சனம் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிறது. அந்தச் சனத்தை நான் கேலி பண்ண மாட்டேன். தட்டை நீட்டுகிறவர்களைத்தான் கேட்கிறேன்: ஒரு அட்டையிலயாவது நாபோத் பேரு உண்டா?

வேதம் வாசித்தால் வழி தெரியும் என்கிறீர்கள். எனக்கும் தெரிந்தது. 1 இராஜாக்கள் 21ஆம் அதிகாரத்தில் தெரிந்தது. அரண்மனைக்குப் பக்கத்தில் நாபோத்துக்கு ஒரு திராட்சைத் தோட்டம். ராஜா ஆகாப் அதைக் கேட்கிறான். பணம் தர்றேன், வேற தோட்டம் தர்றேன் என்கிறான். பாட்டன் பூட்டன் சொத்து, தரமுடியாது என்கிறான் நாபோத். ராணி யேசபேல் ராஜா பேரில் கடிதம் எழுதி முத்திரை போடுகிறாள். ஊர்ப் பெரிய மனுசர்கள் கூடுகிறார்கள். ரெண்டு பொய்ச் சாட்சி. நாபோத்தைக் கல்லெறிந்து கொல்கிறார்கள். இத்தனைக்கும் முன்னால் ஊருக்கே ஒரு உபவாசம் அறிவிக்கிறார்கள் பாருங்க, அதைத்தான் நான் திரும்பத் திரும்ப வாசிக்கிறேன்.

இது எங்கோ நடந்த கதையா? 1892இல் வெள்ளைக்கார அரசு போட்ட ஆணையில் நம்மாட்களுக்குக் கொடுத்த பஞ்சமி நிலம் எப்படிக் கைமாறியது? அதே கடிதம், அதே முத்திரை, அதே ஊர்ப் பெரிய மனுசர்கள். வேறு சாதிக்காரர்களுக்கு விற்கக்கூடாது என்ற நிபந்தனை காகிதத்தில் இருக்கிறது. பட்டா அவர்கள் பேரில் இருக்கிறது. எங்க தாத்தா உழுத காடும் அப்படிப் போனதுதான். காரணையில் பஞ்சமி நிலத்தைத் திருப்பிக் கேட்டதற்கு 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டது. ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் செத்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை எத்தனை பிரசங்க மேடையில் நாபோத் கதையை வாசித்தார்கள்?

தோழர்கள் சிலர், எம்.ஏ. படித்துவிட்டு இன்னும் பைபிளைக் கட்டிக்கொண்டு அழுகிறாயே என்கிறார்கள். நாடு பறிபோன அரசர்களுக்காக வகுப்பறையில் அழ வைத்தது என் தமிழ்ப் படிப்பு. துண்டு நிலம் பறிபோனவனுக்குப் பேர் கொடுத்து, கொன்றவனுக்கும் பேர் கொடுத்து எழுதின கதையை நான் பைபிளில்தான் படித்தேன். அதை ஏன் நான் விடணும்? போதகர் கையில் ஏன் விட்டுட்டுப் போகணும்?

எலியா ஜெபவீட்டில் உட்கார்ந்து ஆறுதல் சொல்லவில்லை. பறித்த தோட்டத்துக்கே போய் ராஜாவை மறித்து, கொன்றுவிட்டு நிலத்தையும் எடுத்துக்கொண்டாயா என்று கேட்கிறான். எனக்குக் கிடைத்த வழிநடத்துதல் அதுதான்.

எனவே அட்டையை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள், பரவாயில்லை. திங்கட்கிழமை கிராம நிர்வாக அலுவலரிடம் போய் 'அ' பதிவேட்டைக் கேளுங்கள். நம்ம ஊர்ல எந்தெந்தச் சர்வே நம்பர் பஞ்சமி நிலம், இன்னைக்கு அது யார் பேர்ல இருக்கு என்று எழுதிக்கொண்டு வாருங்கள். அந்தப் பட்டியலை அடுத்த ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து நின்று வாசியுங்கள்.