தழைச்சத்தை விளைவிக்கும் வயலுக்கு நியாயம் வேண்டும்: பொக்காளி நெல்லுக்கான கோரிக்கைச் சாசனம்

பெறுநர்: கேரள அரசின் வேளாண்மைத் துறை, மீன்வளத் துறை, எர்ணாகுளம் மாவட்ட ஆட்சியர், பொக்காளி நில மேம்பாட்டு முகமை, கேரள வேளாண் பல்கலைக்கழகம், மாநில மாசுக் கட்டுப்பாட்டு வாரியம்.

மட்டாஞ்சேரி பஜாரில் அரிசியும் பருப்பும் விற்போர், மூட்டை தூக்குவோர், அந்த அரிசியை உலையில் இடுவோர் எனக் கொச்சிக் கரையில் தலைமுறைகளாக வாழும் தமிழ் மக்கள் நாங்கள். எங்களைச் சுற்றிச் செல்லானம், கும்பளங்கி, வைப்பின், கடமக்குடி ஊர்களில் பொக்காளி வயல்கள் ஆண்டுக்கு ஆண்டு தரிசாகின்றன. புவிசார் குறியீடு பெற்ற, உப்பைத் தாங்கும் நெல் இது. பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிறுவனம் உப்பைத் தாங்கும் ரகங்களை உருவாக்க இதன் 'சால்ட்டால்' மரபுப் பகுதியைப் பயன்படுத்தியது. உலகுக்கு விதை கொடுத்த வயல் சொந்த ஊரில் அழிவதை இனியும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

இந்த வயலுக்கு உழவர் உரம் போடுவதில்லை. போட்டாலும் பயனில்லை, ஏற்கெனவே ஆளுயரம் வளரும் பயிர் யூரியா கண்டால் இன்னும் நெடுநெடுவென வளர்ந்து சாயும், மிச்ச உரம் கடல் ஓதத்தோடு காயலில் போய்ச் சேரும். அப்படியிருந்தும் எக்டேருக்குச் சுமார் 2 டன் நெல் விளைகிறது. ஒரு டன் நெல்லுக்குப் பயிர் 15 முதல் 20 கிலோ தழைச்சத்தை (நைட்ரஜனை) எடுத்துக்கொள்ளும். 2 டன்னுக்கு 30, 40 கிலோ வேண்டும். அது எங்கிருந்து வருகிறது?

அக்டோபர், நவம்பரில் இடுப்பளவு நீரில் நின்று பெண்கள் கதிரை மட்டும் அறுக்கிறார்கள். தாள் முழுதும் நீரிலேயே நிற்கிறது. சில வாரங்களில் அது அழுகி, மேலே வழவழவென்று பாசி படர்கிறது. இறால் பருவத்துக்காகத் தூம்பு (மதகு) திறந்ததும் ஓதத்தோடு உள்ளே வரும் இறால் குஞ்சு அந்தப் பாசியையும் மட்கையும் மேய்ந்து வளர்கிறது. அதன் கழிவு சேற்றில் சேர்கிறது. நெல்வயல் நீரில் வாழும் நீலப்பச்சைப் பாசி காற்றின் நைட்ரஜனையே பயிருக்கு உணவாக்கும் என்பதை இந்திய ஆய்வாளர் பி. கே. டே 1939-இலேயே காட்டியிருக்கிறார். இறால் பருவம் முடிந்து நீரை வடித்தபின் சேறு வெயிலில் காய்ந்து வெடிக்கிறது. காய்ந்த சேறு மீண்டும் நனையும்போது நுண்ணுயிர்கள் மளமளவென்று பெருகி, மட்கில் அடைபட்ட தழைச்சத்தைப் பயிர் எடுக்கும் வடிவில் விடுவிக்கின்றன. ஜூன் மழை உப்பையும் மண்ணின் புளிப்பையும் கழுவிச் செல்லும் அதே நாட்களில், மண்மேட்டில் முளைத்த நாற்றுக்கு இந்த ஊட்டம் கிடைக்கிறது.

தன் தழைச்சத்தைத் தானே தேடும் பயிர் என்றதும் சோயா நினைவுக்கு வரும். ஒரு டன் சோயா விளைய ஏறக்குறைய 80 கிலோ நைட்ரஜன் தேவை. அதில் பாதி அளவுக்கோ அதற்கு மேலோ வேர்முடிச்சிலுள்ள பாக்டீரியா காற்றிலிருந்து பிடித்துத் தருகிறது. பிரேசில் தன் பரந்த சோயா வயல்களுக்கு ஏறக்குறைய யூரியாவே இல்லாமல் ஒப்பேற்றுவது இதனால்தான். அதற்காக உழைத்த அரசு ஆராய்ச்சி நிறுவனமான எம்ப்ராபாவின் விஞ்ஞானி மரியாஞ்செலா ஹங்ரியாவுக்கு 2025-ஆம் ஆண்டின் உலக உணவுப் பரிசு கிடைத்தது. பொக்காளிக்கு வேர்முடிச்சு கிடையாது. அந்த வேலையைத் தாளும் பாசியும் இறாலும் வெயிலும் சேர்ந்து செய்கின்றன. பிரேசில் தன் நுண்ணுயிரை நாட்டின் சொத்தாக மதித்தது. நம் வயலின் உழைப்பை எந்த அரசுக் கணக்கும் மதிக்கவில்லை என்பதே எங்கள் குறை.

ஆகவே எங்கள் முதல் கோரிக்கை, ஏப்ரல் 14. நவம்பர் 15 முதல் ஏப்ரல் 14 வரை இறால், ஏப்ரல் 15 முதல் நவம்பர் 14 வரை நெல் என்பது அரசே ஏற்ற நாட்காட்டி. இறால் குத்தகைக்காரர் அந்தத் தேதிக்கு மேலும் உப்புநீரைத் தேக்கினால் சேறு காயாது, மட்கின் சத்து விடுபடாது, புளிப்பும் கழுவப்படாது. விதைப்பு தள்ளிப்போகும், பூக்கும் நேரத்தில் உப்பு திரும்பி வந்து கதிரைப் பதராக்கிவிடும். பக்கத்து வயல்காரர் ஒருவர் நீரைத் தேக்கினாலே போதும், கசிவில் சுற்றிலும் உள்ள நெல் கெடும். ஆண்டு முழுதும் இறால் வளர்ப்பது இந்தச் சுழற்சியை அடியோடு அறுத்துவிடும். இறால் பண்ணைகள் விளைநிலத்தை உப்பாக்கிய கொடுமையை எதிர்த்துத் தமிழ்நாட்டின் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில், 1996 டிசம்பர் 11 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கடலோர ஒழுங்குமுறைப் பகுதியில் இறால் பண்ணைத் தொழிலைத் தடுத்து, பாரம்பரிய முறைக்கும் மேம்படுத்திய பாரம்பரிய முறைக்கும் மட்டும் இடம் வைத்தது. நெல்லை ஒழித்துவிட்டுச் செய்யும் இறால் வளர்ப்பைப் பாரம்பரியம் என்று எந்த அதிகாரியும் ஏற்கக் கூடாது. தேதி கடந்தும் நீர் வடிக்காத தூம்புகளை மாவட்ட நிர்வாகமே திறந்து வடிக்க வேண்டும். மீறுவோருக்கு அடுத்த பருவத்து இறால் உரிமம் தரக் கூடாது. 2008-ஆம் ஆண்டின் கேரள நெல்வயல், ஈரநிலப் பாதுகாப்புச் சட்டப்படி தரிசு நிலத்தைப் பயிரிட வைக்க வழி உண்டு. அதைப் பயன்படுத்துங்கள்.

இரண்டாவது, தழைச்சத்துக்குக் கூலி. 45 கிலோ யூரியா மூட்டை உழவருக்கு 266 ரூபாய் 50 காசுக்குக் கிடைக்கிறது. அதன் உண்மை விலையில் பெரும்பகுதியை மத்திய அரசு ஏற்கிறது. மூட்டையில் இருக்கும் தழைச்சத்து 20 கிலோவுக்குச் சற்று மேல். அப்படியானால் எக்டேருக்கு ஒன்றரை முதல் இரண்டு மூட்டை யூரியாவைப் பொக்காளி உழவர் நாட்டுக்கு மிச்சப்படுத்துகிறார். அந்த மானியத்துக்கு ஈடான தொகையாவது அவருக்கு வர வேண்டும். 2020-இல் கேரள அரசு நெல்வயல் உரிமையாளருக்கு எக்டேருக்கு ஆண்டுக்கு 2000 ரூபாய் ராயல்டி தரத் தொடங்கியது நல்ல செயல். பொக்காளிக்கு அதை உயர்த்துங்கள்; நிலம் பெயரில் இருப்பவரோடு, சேற்றில் இறங்கிப் பயிரிடுபவருக்கும் பங்கு கொடுங்கள். கொள்முதலிலும் தனி விலை வேண்டும்.

மூன்றாவது, அறுவடைக்கு ஆள் இல்லை. சேற்றில் சாதாரண அறுவடை இயந்திரம் இறங்காது. நீரிலும் சேற்றிலும் ஓடக்கூடிய இயந்திரத்தை வேளாண் பல்கலைக்கழகம் முழுமையாக்கி வாடகைக்குத் தர வேண்டும். அதுவரை வரப்பு கட்டுதல், விதைக்க மேடு வைத்தல், கதிரறுப்பு மூன்றுக்கும் வேலை உறுதித் திட்டத்தின் கூலி வேண்டும்.

அடுத்தது தண்ணீர். ஓதம் கொண்டுவருவதைத்தான் வயல் குடிக்கிறது. 2024 மே மாதம் ஏலூர், எடையாறு ஆலைப் பகுதியில் பெரியாற்று மீன்கள் கூட்டங்கூட்டமாகச் செத்து மிதந்ததை ஊரே பார்த்தது. உரம் செய்யும் ஃபாக்ட் ஆலையும் அந்த ஏலூரில்தான் இருக்கிறது. ஆலைகளை மூடச் சொல்லவில்லை. எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் அங்கே வேலை செய்கிறார்கள். தூம்பு திறக்கும் பருவத்தில் வாரந்தோறும் நீரைச் சோதித்து, முடிவைத் தமிழிலும் மலையாளத்திலும் பஞ்சாயத்துப் பலகையில் ஒட்ட வேண்டும்.

கடைசியாக, வைட்டிலா நெல் ஆராய்ச்சி நிலையம் நெல்லும் இறாலும் மாறி வரும் வயல், இறால் மட்டும் உள்ள வயல், தரிசு வயல் மூன்றிலும் சேற்றின் தழைச்சத்தை ஆண்டுதோறும் அளந்து வெளியிடட்டும்.

எங்கள் பங்குக்கு ஓர் உறுதி: பொக்காளி என்று எழுதிய மூட்டையில் வேறு அரிசியைக் கலந்து விற்க மாட்டோம்; கலப்பவரின் சரக்கை இறக்க மாட்டோம்.

கொச்சியில் வாழும் தமிழரும் மலையாளிகளும் இந்தச் சாசனத்தில் கையெழுத்திடுங்கள். அடுத்த ஏப்ரல் 14 அன்று உங்கள் ஊர்த் தூம்புக்குப் போய், நீர் வடிகிறதா என்று நேரில் பாருங்கள். வடியவில்லை என்றால் அன்றைக்கே ஆட்சியருக்கு எழுதுங்கள்.