அழுவதற்கும் ஓர் இடம் வேண்டும்

செத்தவீட்டுக்குச் செல்லும் நம்மவர்களுள் பெரும்பாலார் கூறும் ஆறுதல் மொழி, "அழாதேங்கோ, மனத்தைத் தேற்றிக்கொள்ளுங்கோ" என்பதாகும். அன்பினாற் கூறப்படும் மொழிதான். அதிற் குற்றம் காண்பது பலருக்கு விந்தையாகத் தோன்றவும் கூடும். எனினும், துயருற்றவர்க்கு நாம் செய்யக்கூடிய உதவிகளுள் மிகக் குறைந்தது இதுவே என்பது என் கருத்து. இக்கருத்தை நான் முதலிற் பெற்றது நூல்களிலிருந்து அன்று. ஆசிரியத் தொழிலில் நான் இழைத்த பிழையொன்றே அதனை எனக்குக் கற்பித்தது.

பல ஆண்டுகளின் முன் என் வகுப்பு மாணவன் ஒருவன் தந்தையை இழந்தான். அந்தியேட்டி முடிந்து அவன் பள்ளிக்கூடம் திரும்பியபோது, நடந்ததைப் பற்றி அவனிடம் ஒருவரும் பேசக்கூடாதென ஆசிரியர்களாகிய நாங்கள் முடிவு செய்துகொண்டோம். பையன் பாடங்களை ஒழுங்காகச் செய்தான். மாலையிற் பந்தும் அடித்தான். "நன்றாகத் தேறிவிட்டான்" என்று மகிழ்ந்தோம். தவணைப் பரீட்சையில் 'எங்கள் தோட்டம்' என்றொரு கட்டுரை கேட்டிருந்தேன். அவன் மூன்று பக்கம் எழுதியிருந்தான். அப்பா விடியற்காலையில் இறைக்கிறார், அப்பா வெங்காயப் பாத்திக்கு வாய்க்கால் மாறுகிறார், அப்பா துலாவடியில் இருந்து தேநீர் குடிக்கிறார் என்று முழுவதும் நிகழ்காலத்திலே எழுதியிருந்தான். நானோ சிவப்பு மையினால் 'இறைத்தார்', 'மாறினார்', 'குடித்தார்' எனத் திருத்திக் காலவழு என்று ஓரத்திற் குறித்துப் புள்ளியையும் குறைத்தேன். தாளைப் பெற்றுக்கொண்ட பையன் அதனை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தான். பின்னர் இரண்டு கிழமை பள்ளிக்கூடம் வரவில்லை.

காலவழு உண்டென்றால் காலவழுவமைதியும் உண்டென்பதை நன்னூல் கற்பிக்கும் நானே மறந்துவிட்டேன். அப்பிள்ளையின் உள்ளத்தில் நிகழ்காலமாய் இருந்த ஒன்றை இறந்தகாலம் ஆக்குவதற்கு எனக்கு என்ன அவசரம்?

நம் முன்னோர் இவ்வளவு அவசரப்பட்டவர்களாகத் தெரியவில்லை. தொல்காப்பியர் மெய்ப்பாடு எட்டினுள் அழுகையை இரண்டாவதாக வைத்து, அது தோன்றும் நிலைக்களங்கள் நான்கெனக் கொண்டார்: இளிவு, இழவு, அசைவு, வறுமை. பிறரால் இகழப்படுவதும், உற்றாரை இழப்பதும், வறுமையும் அழுகைக்குக் காரணமாதல் எளிதில் விளங்கும். 'அசைவு' என்பதற்குப் பேராசிரியர் கூறும் உரையே ஊன்றி நோக்கத்தக்கது. முன்னிருந்த நிலை கெட்டு வேறொரு நிலையை அடைந்து வருந்துதலே அசைவு என்பது அவர் கருத்து. ஒருவரும் சாகாமலே, வாழ்வு இடம் மாறிப் போவதால் மட்டும் வரும் துயரம் அது. 1964ஆம் ஆண்டின் ஸ்ரீமா–சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி பிறந்த மண்ணைவிட்டு அனுப்பப்பட்ட மலையக மக்களும், 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் மக்களும், 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தைவிட்டு ஒரே இரவில் நடந்த மக்களும் அனுபவித்தது அதுவே. புறநானூற்றிற் பாரி மகளிர் பாடிய கையறுநிலையில் தந்தையின் இழவும் குன்றினை இழந்த அசைவும் சேர்ந்தே நிற்கின்றன. கையற்று நிற்கும் நிலையை ஒரு துறையாகவே வகுத்த இலக்கியம் நம்முடையது.

இலக்கியத்தில் மாத்திரமன்றி வழக்கத்திலும் இவ்வமைப்பு இருந்தது. யாழ்ப்பாணத்துச் சைவ வீடுகளை எடுத்துக்கொள்வோம். சாவு நிகழ்ந்த வீட்டில் அடுப்பு மூட்டப்படுவதில்லை. அயலவரும் உறவினரும் உணவு கொண்டுவருவர். உண்ண மறுப்பவரை அருகிலிருந்து உண்பிப்பர். வருகின்ற பெண்கள் வீட்டுப் பெண்களைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி சொல்லி அழுவர். அங்கே அழாதிருப்பதே குறையாகும். சுண்ணம் இடிக்கப்படும். எட்டுச் செலவு வரும்; முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி வரும்; பலர் அதனைக் கீரிமலையிற் செய்வர். கல்வெட்டு என்னும் பெயரில் இறந்தவரின் வாழ்வு பாவில் அமைந்து அச்சாகி, வந்தோர் கையிற் கொடுக்கப்படும். பின்னர் ஆண்டுத் திவசம். அதன்பின் தந்தைக்கு ஆடி அமாவாசை, தாய்க்குச் சித்திரா பௌர்ணமி. பௌத்தர்கள் ஏழாம் நாளிலும் மூன்றாம் மாதத்திலும் தானம் கொடுப்பதும், கத்தோலிக்கர் நவம்பர் 2ஆந் திகதி சேமக்காலையில் மெழுகுதிரி ஏற்றுவதும் இவ்வினத்தனவே.

இச்சடங்குகள் இறந்தவருக்கு என்ன பயன் தருகின்றன என்ற வாதத்துக்குள் நான் புகவில்லை. இருப்பவர்க்கு அவை மூன்று நன்மை செய்தன. அழுவதற்கு அனுமதி தந்தன; அழும்போது துணை தந்தன; அழுகைக்கு ஒரு கால அளவை வகுத்து, அதற்கப்பால் ஆண்டுக்கொரு நாளை நினைவுக்கென ஒதுக்கியும் வைத்தன. 1917ஆம் ஆண்டில் வெளியான கட்டுரையொன்றில் சிக்மண்ட் புரொய்ட், துக்கம் நோயன்று, உள்ளம் சிறிது சிறிதாகச் செய்து முடிக்கவேண்டிய ஒரு வேலை, அதிற் குறுக்கிடுவது தீமையாகவும் முடியலாம் என்ற கருத்தை வெளியிட்டார். அவ்வேலைக்கு நம் ஊர்ப் பாட்டிமார் ஏற்கெனவே நாட்குறிப்பு வகுத்திருந்தனர்.

அப்படியாயின் பழைய வழக்கங்கள் யாவற்றையும் அப்படியே மீட்கவேண்டுமா என்று வாசகர் கேட்பர். ஒருபோதும் இல்லை. பறைமேளம் அடிக்கவும் பாடை கட்டவும் சில மக்களைச் சாதியின் பெயரால் அடிமைகொண்ட வழக்கம் துயர் ஆற்றும் வழக்கமன்று. அது தொல்காப்பியர் கூறிய இளிவை ஒரு சாராருக்கு உண்டாக்கிய வழக்கம். கணவனை இழந்தவளை நல்ல காரியங்களில் முன்னே வரவிடாது ஒதுக்கியமை, இழவின்மேல் அசைவையும் சுமத்திய கொடுமை. எட்டுச் செலவுக்குக் கடன்பட்டு விருந்து வைப்பது வறுமைக்கு வழி. இவற்றைத் தள்ளவேண்டியதே. ஆனால் நாம் செய்ததென்ன? செலவையும் விளம்பரத்தையும் வைத்துக்கொண்டு, அருகிருந்து உண்பிக்கும் கையையும் சேர்ந்தழும் குரலையும் தள்ளிவிட்டோம். பதரை வைத்துக்கொண்டு நெல்லைக் கொட்டிவிட்டோம்.

இனி, சடங்கே செய்ய இயலாத துயரம் ஒன்று உண்டு. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி கடல் கொண்டுபோனவர்களுட் பலரின் உடல் கிடைக்கவில்லை. 2009இல் முடிந்த போரிலும் அதற்கு முன்பும் காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவினர் இன்னும் காத்திருக்கின்றனர். அமெரிக்க அறிஞர் போலின் பொஸ் இத்தகைய இழப்பைத் தெளிவற்ற இழப்பு என்று பெயரிட்டு ஆராய்ந்தார்; முடிவு தெரியாமையினால் துக்கம் உறைந்துபோய் நிற்பதை எடுத்துக்காட்டினார். போர் தனிமனிதரை மட்டுமன்றிக் குடும்பத்தையும் ஊரையும் சேர்த்தே காயப்படுத்தியது என்பதை யாழ்ப்பாணத்து உளமருத்துவப் பேராசிரியர் தயா சோமசுந்தரம் தமது நூல்களிற் காட்டியுள்ளார்.

2016ஆம் ஆண்டுச் சட்டமொன்று, இறப்புச் சான்றிதழுக்குப் பதிலாகக் காணாமைச் சான்றிதழ் பெறும் வழியைத் திறந்தது. 2018இல் காணாமற்போனோருக்கான அலுவலகமும் இயங்கத் தொடங்கியது. ஆயினும், 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியிற் பந்தலிட்டு அமர்ந்த தாய்மார் கேட்டது சான்றிதழை அன்று, "என்ரை பிள்ளைக்கு என்ன நடந்தது?" என்ற கேள்விக்கு விடையையே கேட்டனர். அவர்களைப் பார்த்து, "நடந்ததை மறந்து வாழப் பழகுங்கள்" என்று சொல்பவர்களும் நம்மிடையே உளர். அச்சொல் அறிவுரையன்று, நான் சிவப்பு மையினாற் செய்த அதே பிழை. நிகழ்காலத்தை இறந்தகாலமாக்கும் உரிமை அத்தாய்க்கே உண்டு. தீபம் ஏற்றுவதா, திவசம் செய்வதா, காத்திருப்பதா என்பதை அவளே முடிவு செய்யட்டும். உண்மையைக் கண்டறிந்து கூறுவது அரசின் கடன்; அதுவரை அருகில் இருப்பது நம் கடன்.

ஆசிரியர்களுக்கு ஒரு வார்த்தை. துயருற்ற பிள்ளை வகுப்புக்குத் திரும்பும்போது மௌனத்தால் அதனை வரவேற்காதீர்கள். இறந்தவரின் பெயரைச் சொல்லுங்கள். "அப்பாவை நினைச்சனியா?" என்று கேளுங்கள். பேசினாற் கேளுங்கள், பேசாவிடில் வற்புறுத்தாதீர்கள். மாதங்கள் சென்றும் உறக்கமும் உணவும் திரும்பாவிடின், வெட்கப்படாமல் உளமருத்துவரிடம் அழைத்துச் செல்லும்படி வீட்டாருக்குச் சொல்லுங்கள். காய்ச்சலுக்கு மருந்து தேடுவதில் நாம் நாணுவதில்லையே!

அந்த மாணவன் மீண்டு வந்த பிறகு, அவன் கட்டுரையை மறுபடியும் கேட்டு வாங்கினேன். தரமறுப்பானென்று எண்ணினேன், தந்தான். குறைத்த புள்ளியைத் திருப்பி இட்டு, அவனை அருகில் இருத்தி, உங்கள் தோட்டத்தில் எத்தனை பாத்தி என்று கேட்டேன். மணியடித்தபின்னும் அவன் சொல்லிக்கொண்டிருந்தான். இடையில் அழுதான். அழாதே என்று நான் சொல்லவில்லை.